எந்தப் பில்டர் நல்லது? ஒரு கிணற்றடியிலிருந்து தொடங்கும் வரலாறு

திருநெல்வேலியில் நாங்கள் அறை எடுத்து இருக்கும் வீட்டுக்குப் போன வருஷம் பங்குனியில் ஒரு தம்பி வந்தார். கழுத்தில் ரை, கையில் ஒரு கறுத்தப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கண்ணாடிக் கிளாஸ், கரண்டில் செருகும் ஒரு கருவி, அதிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் நாலு உலோகக் கம்பி. வீட்டுக்கார அன்ரி விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தா. நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம்.

ஒரு கிளாசில் எங்கட கிணற்றுத் தண்ணி. மற்றதில் அவர் கொண்டுவந்த பில்டர் தண்ணி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான். கம்பிகளை உள்ளே விட்டு ஆளியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கட கிளாஸ் மஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த மண்ணிறமாகி, அடியில் சேறு மாதிரி ஏதோ படியத் தொடங்கியது. அவருடைய கிளாஸ் அப்படியே தெளிவாக இருந்தது.

"இதைத்தான் நீங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிறியள்" என்றார்.

அன்ரியின் முகம் மாறிப்போச்சு. அவவின்ர மகள் பிள்ளைப்பெறுவுக்கு வந்து நிண்டவ. பேரனுக்கு அப்ப இரண்டரை மாதம். தாய்ப்பால் போதாமல் மாப்பாலும் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கரைக்கிறது அந்தக் கிணற்றுத் தண்ணியில்தான்.

எங்களில் ஒருத்தி உயர்தரத்தில் முதலில் விஞ்ஞானம் படித்து, பிறகு பாடம் மாற்றிக் கலைப்பீடத்துக்கு வந்தவள். அவள் குசினிக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவருடைய தெளிந்த கிளாசுக்குள் போட்டாள். "அண்ணை, இப்ப ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ." அவர் தயங்கினார், ஆனால் போட்டார். அந்தத் தண்ணியும் மண்ணிறமானது.

விஷயம் இதுதான். அந்தக் கம்பிகளில் இரண்டு இரும்பு. தண்ணியில் கரைந்த உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துக் கரையும். நாங்கள் பார்த்த சேறு கிணற்றிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்த துரு. பில்டர் தண்ணியில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாயவில்லை, அதனால் கம்பியும் கரையவில்லை. பள்ளிக்கூடத்து மின்பகுப்புப் பரிசோதனை ஒன்றைத்தான் அந்தத் தம்பி எங்கட விறாந்தையில் செய்து காட்டினார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எங்கட வயசுதான் இருக்கும். கொம்பனியில் சொல்லிக்கொடுத்ததை வந்து செய்கிறார், விற்றால்தான் கொமிஷன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார், அதே கிணற்றுத் தண்ணியில் போட்டது.

அவர் போன பிறகு அன்ரி கேட்டா: "அப்ப பிள்ளையள், எங்கட தண்ணி நல்லதுதானே?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் காட்டியது பொய் என்று எங்களால் சொல்ல முடிந்தது. தண்ணி நல்லது என்று சொல்ல முடியவில்லை. வரலாறு படிக்கிற பிள்ளைகள் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வார்கள்? பின்னுக்குப் போவார்கள். நாங்களும் போனோம்.

கல்லுக்குள் மிதக்கும் தண்ணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. எங்களுக்கு உள்ளதெல்லாம் மாரி மழையும் காலுக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லும்தான். வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிற மழை, கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கித் தங்குகிறது. கீழே கடல்நீர், அதன் மேலே மெல்லிய வில்லைபோல நன்னீர். நன்னீருக்குப் பாரம் குறைவு என்பதால் அது உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் ஒரு பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே ஒரு அடி கூடுதலாக இறைத்தால், கீழேயிருந்து உப்பு பல அடி ஏறி வரும். நிலாவரைக் கிணற்றைப் பற்றி ஊரில் எத்தனையோ கதைகள் உண்டு. ஆனால் அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதே எங்கட நிலத்தடியின் முழுக் கதையையும் சொல்லிவிடும்.

முன்னோருக்கு இந்தக் கணக்கு எழுத்தில் தெரிந்திருக்காது. ஆனால் நாக்குக்குத் தெரிந்திருந்தது. "நல்ல தண்ணி", "சவர்த் தண்ணி" என்று கிணறுகளைப் பிரித்தார்கள். குளிக்க ஒரு கிணறு, குடிக்க ஒரு கிணறு. கிணற்றைக் கலக்கி இறைப்பதும், அடியில் நெல்லிக் கட்டை போடுவதும், குடத்துத் தண்ணியை வெள்ளைத் துணியால் வடிப்பதும் வீட்டு வேலைகள். தமிழில் இந்த அறிவு மிகப் பழையது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் உரைத்துக் கலங்கிய நீரைத் தெளியவைக்கும் முறையைக் கலித்தொகையே உவமையாகக் கையாள்கிறது. கொட்டையிலிருந்து வரும் பசைப் பொருள் சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியச் செய்கிறது. இன்று நீர்வழங்கல் நிலையங்களில் படிகாரம் போட்டுச் செய்கிற வேலையும் அதுதான்.

ஆனால் இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரிவதையும் நாக்குக்குப் படுவதையும் மட்டும்தான் அவை கவனித்தன. தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கிற தண்ணி ஆளைக் கொல்லும் என்பதை உலகம் 19ஆம் நூற்றாண்டில்தான் சரியாகப் படித்தது.

சுவையான தண்ணி

1854 ஆவணி கடைசியில் இலண்டனின் சோஹோ பகுதியில் கொலரா பரவியது. சில வாரங்களுக்குள் 600க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கெட்ட காற்றால்தான் கொலரா வருகிறது என்று பெரும்பாலான வைத்தியர்கள் நம்பிய காலம் அது. ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் செத்தவர்களின் வீடுகளைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார். எல்லாம் புரோட் வீதியில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே நின்றன. தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவையும் செத்திருந்தா. விசாரித்தபோது, அவ முன்பு புரோட் வீதிப் பக்கம் இருந்தவ என்றும், அந்தப் பம்புத் தண்ணியின் ருசி பிடித்துப்போய் தினமும் போத்தலில் எடுப்பித்துக் குடித்தவ என்றும் தெரிந்தது. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார் ஸ்னோ. கழற்றினார்கள்.

நாங்கள் அந்த விதவையைப் பற்றித்தான் கனநேரம் கதைத்தோம். "எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி எங்கையும் வராது" என்று எங்கட அம்மம்மாமாரும் சொல்லுவினம். ருசி உண்மைதான். ஆனால் ருசி ஒரு பரிசோதனை அல்ல.

வடிகட்டுவதன் வரலாறும் இந்தக் காலத்தில்தான் வேகம் எடுக்கிறது. இலண்டன் செல்சி நீர்க் கொம்பனிக்காக ஜேம்ஸ் சிம்சன் 1829இல் கட்டிய மணல் வடிகட்டி, பெரிய நகரம் ஒன்றுக்குப் பொதுவாகத் தண்ணி வடித்த முதல் ஏற்பாடுகளில் ஒன்று. தேம்ஸ் நீரை வடிகட்டித்தான் விற்க வேண்டும் என்று 1852இல் சட்டமே வந்தது. அந்த மணல் படுக்கையில் உண்மையான வேலையைச் செய்வது மணல் அல்ல. சில கிழமைகளில் மணலின் மேல் படர்கிற பாசிபோன்ற உயிர்ப்படலம்தான் கிருமிகளைப் பிடித்துத் தின்கிறது. இது தெரியாமலே அதைக் கட்டிவிட்டார்கள்.

அது எவ்வளவு வலிமையானது என்று 1892இல் தெரிந்தது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிக்காமல் குழாயில் விட்டது. பக்கத்து நகரமான அல்டோனா அதே ஆற்றில், அதுவும் ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழ்ப்பக்கத்தில், தண்ணி எடுத்தது. ஆனால் மணலில் வடித்துக் கொடுத்தது. கொலரா வந்தபோது ஹம்பேர்க்கில் 8,500க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரண்டு நகரங்களுக்கும் எல்லையாக இருந்த ஒரு தெருவில், ஒரு பக்கத்து வீடுகளில் நோய், எதிர்ப்பக்கத்து வீடுகளில் இல்லை. ஒரே காற்று, ஒரே தெரு. தண்ணிக் குழாய் மட்டும் வேறு.

வீட்டுப் பில்டருக்கு வருவோம். பஸ்டரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சார்ல்ஸ் சம்பர்லாந்து 1884இல் மெருகிடாத போர்சலினால் ஒரு மெழுகுதிரி வடிவக் குழாய் செய்தார். அதன் நுண்துளைகள் பற்றீரியாவைவிடச் சின்னன். தண்ணி போகும், பற்றீரியா போகாது. பாரிஸ் வீடுகளுக்கு இது விற்கப்பட்டது. எங்கட வீடுகளில் மேலே ஒரு பானை, கீழே ஒரு பானை, நடுவில் வெள்ளைக் கட்டி என்று இருக்கிற "கான்டில் பில்டர்" இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. 1892இல் ரஷ்யாவில் டிமித்ரி இவனோவ்ஸ்கி நோய்பிடித்த புகையிலை இலையின் சாற்றைச் சம்பர்லாந்தின் வடிகட்டிக்குள் விட்டார். வடிந்து வந்த தெளிந்த சாறும் நல்ல இலையில் நோயை உண்டாக்கியது. பற்றீரியாவைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று இருக்கவேண்டும். வைரஸ் என்று நாங்கள் இன்று சொல்வதைத் தேடிப் போன பாதை அங்கே தொடங்கியது. ஒரு பில்டர் எதைப் பிடிக்கவில்லை என்பதிலிருந்து ஒரு விஞ்ஞானமே பிறந்திருக்கிறது. கடைக்காரர்கள் பில்டர் எதைப் பிடிக்கும் என்று மட்டும்தான் சொல்லுவார்கள். எதைப் பிடிக்காது என்று நாங்கள்தான் கேட்க வேண்டும்.

கொதித்தாறிய நீர்

"கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்." எங்கட தலைமுறைக்கு இந்த வசனம் மனப்பாடம். பாடசாலைச் சுவர், வைத்தியசாலைச் சுவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் துண்டுப்பிரசுரம், எல்லா இடத்திலும் இருக்கும். அதற்குக் காரணமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைக் கொலரா திரும்பத் திரும்பத் தாக்கியது. மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் காலத்து யாழ்ப்பாணம் அது. கொலரா போன பிறகும் நெருப்புக்காய்ச்சல் போகவில்லை. யுத்த காலத்திலும் முகாம்களிலும், 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போன நாட்களிலும், குளோரின் மணக்கிற தண்ணிதான் பலரைக் காப்பாற்றியது.

குளோரினுக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரத்துக் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். அது பாதுகாப்பானதா என்ற கேள்வி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. கடைசியில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, 1910இல், பிரான்சின் மார்செய் நகரில் கழியூதாக் கதிரால் தண்ணியைச் சுத்திகரிக்க முயன்றார்கள். இன்று "யூவி பில்டர்" என்று விற்பது அதன் பேரப்பிள்ளை.

கொதிக்கவைத்தல், குளோரின், கழியூதா. மூன்றும் செய்வது ஒரே வேலை, கிருமியைக் கொல்வது. தண்ணியில் கரைந்திருக்கிற எதையும் அவை வெளியே எடுப்பதில்லை. சுண்ணாம்பு மட்டும் விதிவிலக்கு, கொதிக்கும்போது அதில் ஒரு பங்கு படிந்துவிடும். எங்கட கேத்திலின் உட்பக்கம் வெள்ளையாகப் படிகிற செதில் அதுதான். கேத்தில் பழுதாகும், தேத்தண்ணியில் ஆடை படியும், ஆனால் இந்தச் செதிலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது செதிலாகப் படியாத ஒன்றுக்கு.

கொதிக்கக் கொதிக்கக் கூடுவது

செம்பாட்டு மண்ணில் புகையிலை, வெங்காயம், மிளகாய் என்று வருஷம் முழுக்கச் செய்கை. துலா போய், பட்டை போய், மண்ணெண்ணெய் மோட்டரும் மின்மோட்டரும் வந்தன. எருவும் குழையும் தாட்ட இடத்தில் யூரியா வந்தது. வீடுகள் நெருங்கின. ஒரே வளவில் கிணறும் மலக்குழியும் கிட்டக் கிட்ட வந்தன. பயிர் எடுக்காமல் விட்ட பசளையும், குழியிலிருந்து கசிகிறதும் நைத்திரேற்றாக மாறி மழையோடு இறங்குகின்றன. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் நன்னீரை உள்ளே விடுகிற அதே வேகத்தில் இதையும் உள்ளே விடுகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லையைத் தாண்டி நிற்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லை குறிப்பாக யாரை நினைத்து வைக்கப்பட்டது என்று தெரிந்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். மாப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளை நினைத்து.

1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணை வீடுகளிலிருந்து நீலம் பாரித்த குழந்தைகளைக் கொண்டுவருகிறார்கள். இதயத்தில் குறை இல்லை. விசாரித்தால் கிணற்றுத் தண்ணியில் பால்மா கரைத்திருக்கிறார்கள். கிணற்றில் நைத்திரேற்று. குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவும் திறனைக் கெடுத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாகிக் குறையும், நைத்திரேற்று அப்படியே நிற்கும். அதாவது செறிவு கூடும்.

அன்ரி பேரனுக்காகத் தண்ணியைப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று கொதிக்க வைப்பா. அவவுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த வசனம் அது. சுவரில் எழுதியிருந்த வசனம். அது பிழையான வசனமும் இல்லை. கொலராவுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் எழுதப்பட்ட பதில் அது. கேள்வி மாறிவிட்டது. பதில் மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது.

சௌரிராஜனின் மென்சவ்வு

கரைந்திருக்கும் உப்பை எடுப்பதற்கு வேறு வழி வேண்டும். உயர்தரப் புத்தகத்தில் "பிரசாரணம்" என்று படித்திருப்பீர்கள். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்கு, மென்சவ்வு ஒன்றினூடாக நீர் தானாகப் போகும். அழுத்தம் கொடுத்து அதைப் பின்பக்கமாகத் தள்ளினால் உப்பு ஒரு பக்கம் நிற்க, நீர் மறுபக்கம் வரும். தத்துவம் தெரிந்ததுதான். ஆனால் உப்பைத் தடுக்கிற சவ்வுகள் தண்ணியையும் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டன. 1950களின் கடைசியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜன் என்பவரும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். மேலே மிக மெல்லிய இறுக்கமான தோல், கீழே கடற்பஞ்சு மாதிரித் துளைகள் நிறைந்த தாங்கி. உப்பைத் தடுக்கிற வேலையைத் தோல் செய்யும், தண்ணி வேகமாக வெளியேறும். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சின்ன ஊரில், இந்தச் சவ்வைக்கொண்டு சவர்த் தண்ணியைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர், பிறகு கனடாவில் ஆய்வுசெய்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் அது. யாழ்ப்பாணத்தில் கடைக்குக் கடை "ஆர்.ஓ." என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் இப்படியொரு பெயர் இருப்பது எங்கட நாலு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆர்.ஓ. நைத்திரேற்றைப் பெருமளவு பிடிக்கும், உவரைப் பிடிக்கும், புளோரைட்டைப் பிடிக்கும். வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பேசப்படும் சிறுநீரக நோய்க்குப் பிறகு அங்கே ஊருக்கு ஊர் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தது இதனால்தான். ஆனால் அதற்கு விலையும் உண்டு. வீட்டு ஆர்.ஓ. ஒரு லீற்றர் நல்ல தண்ணி தரும்போது அதைவிடக் கூடுதலான தண்ணியைக் கழிவாக வெளியே விடும். கல்லுக்குள் மிதக்கிற அந்த மெல்லிய வில்லையிலிருந்துதான் அதையும் இறைக்கிறோம். கல்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துவிடும். கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்யுமாறு இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பணித்ததும் இந்தக் காரணங்களால்தான்.

ஆருடைய கிணறு

இவ்வளவும் வாசித்த பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "எல்லாம் சரி. ஆனா யாழ்ப்பாணத்தில தண்ணியைப் பற்றி எழுதிப்போட்டு, கிணத்துக் கட்டில ஆர் ஏறலாம், ஆர் ஏறேலாது எண்டதை எழுதாமல் விடலாமோ?"

விட முடியாது. "நல்ல தண்ணிக் கிணறு" எல்லாருக்கும் நல்ல தண்ணி கொடுத்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் வேலியோரம் பாத்திரத்தோடு காத்திருந்து, ஆராவது அள்ளி ஊற்றினால் வாங்கிக்கொண்டு போன காலம் தொலைவில் இல்லை. கே. டானியல் ஒரு நாவலுக்குத் "தண்ணீர்" என்றே பெயர் வைத்தார். சாதியின் பெயரால் பொது இடங்களில் மறிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் கிணற்றுக் கட்டுகள் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. உவர் நிலத்திலும் பள்ளக் காணிகளிலும் குடியிருத்தப்பட்டவர்களுக்குக் கிடைத்த கிணறும் பெரும்பாலும் உவர்தான்.

இப்ப பில்டரைப் பாருங்கள். காசு உள்ள வீட்டுக்குள் ஆர்.ஓ. வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதே நிலத்தடியிலிருந்து அதே நைத்திரேற்றைக் குடிக்கிறார். பில்டர் வைத்த வீட்டுக்குப் பிறகு கிணற்றைப் பற்றிக் கவலை இல்லை. பழைய வேலி தடிகளால் ஆனது. புதிய வேலி விலையால் ஆனது.

சுன்னாகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2014, 2015இல் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரிய விவகாரமானது. சனம் பவுசர் தண்ணிக்கு வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஒரு பில்டர் வாங்கி அதைத் தீர்த்திருக்க முடியாது. ஊர் பேசியது, பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள், வழக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. ஹம்பேர்க்கையும் அல்டோனாவையும் பிரித்ததும் வீட்டுப் பில்டர் அல்ல, நகரத்தின் பில்டர்.

எங்களுக்கும் அப்படியொன்று வரத் தொடங்கியிருக்கிறது. இரணைமடுவிலிருந்து தண்ணி கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் மாறி, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. அதுவும் சௌரிராஜனின் வழியில் வந்த சவ்வுதான். ஆனால் இது ஊருக்குப் பொதுவானது. குழாய் எல்லா ஒழுங்கைக்கும் போகுமா, கட்டணம் எல்லாராலும் கட்டக்கூடியதா என்பதை நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது

முதலில் பில்டர் வாங்கவில்லை. தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் செய்யலாம். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தருகிற சுத்தமான போத்தலில், அவர்கள் சொல்கிற மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் காட்டுகிற "ரிடிஎஸ் மீற்றர்" இதற்குப் பதிலாகாது. கரைந்த உப்பு மொத்தமாக எவ்வளவு என்றுதான் அது சொல்லும். கிருமி நிறைந்த மழைத் தண்ணிக்கும் அது நல்ல இலக்கம்தான் காட்டும்.

அறிக்கை வந்தது. கோலிபோம் இருந்தது. நைத்திரேற்று எல்லைக்கு மேலே.

அப்ப தெரிவு தானாகவே பிரிந்தது. கோலிபோமுக்கு ஆர்.ஓ. தேவையில்லை. கொதிக்கவைப்பதே போதும், இல்லையென்றால் ஒரு நல்ல கான்டில் பில்டர். ஆனால் கட்டியைக் கிழமைக்கொரு தரம் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், வெடிப்பு விழுந்தால் உடனே மாற்ற வேண்டும். கரி பில்டர் மணத்தையும் குளோரின் ருசியையும் எடுக்கும், நைத்திரேற்றை எடுக்காது. கழியூதா கலங்கிய தண்ணியில் சரியாக வேலை செய்யாது. நைத்திரேற்றுக்கு ஆர்.ஓ. அல்லது அதற்கென்றே உள்ள அயன்மாற்றுப் பிசின். கரண்ட் போனால் எது ஓடும், உதிரிப்பாகம் ஊரில் கிடைக்குமா, வருஷத்துக்கு மாற்றுச் செலவு எவ்வளவு என்பதையும் விலையோடு சேர்த்துக் கூட்டவேண்டும்.

அன்று பின்னேரமே அன்ரியிடம் சொன்னோம். சொல்லுறது கஷ்டமாக இருந்தது. அவ கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "நான் கூடக் கொதிக்க வச்சாக் கூட நல்லம் எண்டெல்லே நினைச்சனான்" என்றா. அடுத்த நாள் மகளும் அவவும் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து பால்மாவுக்கு வேறு தண்ணி.

ஒரு மாதம் கழித்து, அன்ரி பாதி, நாங்கள் நாலு பேரும் சேர்ந்து பாதி என்று ஒரு சின்ன ஆர்.ஓ. வாங்கினோம், வந்த தம்பியிடம் அல்ல. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அது. கழிவுத் தண்ணி வாளியில் பிடித்து, ஏனம் கழுவவும் வாழைக்கு ஊற்றவும். அன்ரி பில்டரைக் குசினிக்குள் பூட்ட விடவில்லை. வெளி விறாந்தையில் பூட்டச் சொன்னா. ஏன் என்று கேட்டதுக்கு, "பக்கத்து வீட்டிலயும் கைக்குழந்தை இருக்கெல்லே" என்றா. இப்ப பின்னேரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு போத்தலோடு ஆராவது வருவார்கள்.

கிணறு அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் இறங்குகிற நைத்திரேற்றும் குறையவில்லை. மாரி முடிய இன்னொருக்காப் பரிசோதிக்கக் கொடுக்க இருக்கிறோம். இந்த முறை ஒழுங்கையில் உள்ள பதினொரு கிணற்றுத் தண்ணியையும் சேர்த்து.